கல்லில் எழுதிய வழக்கு

காசிமேட்டிலிருந்து வடக்கே, கண்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்து, ஒரு நாள் திருவொற்றியூர்த் தியாகராஜசுவாமி கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். சங்கிலி நாச்சியாருக்கு மகிழமரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த சுந்தரர், அதை மீறிக் கண்ணொளி இழந்த தலம் அது. பெண்ணுக்குக் கொடுத்த வாக்கைத் தவறினால் தம்பிரான் தோழருக்கும் தண்டனை உண்டு! ஆனால் நான் நாடிப் போனது புராணத்தை அல்ல; சாசனத்தை.

14ஆம் நூற்றாண்டு. சம்புவராயர் ஆட்சி. இக்கோயிலில் பதியிலார், தேவரடியார், இஷபத்தளியிலார் என்று பல வகைப் பணிப்பெண்கள் இருந்தார்கள். யார் எந்தப் பணியைச் செய்வது என்று பிணக்கு மூண்டது, பணியும் நின்றது. அதிகாரிகளும் கோயிலாரும் கூடி விசாரித்து, இன்னாருக்கு இன்ன வேலை என்று வகுத்துக் கல்லில் வெட்டி வைத்தார்கள். சில பத்தாண்டுகள் கழித்து, விஜயநகரத்தார் காலத்தில், வழக்கு மீண்டும் தலைதூக்கியது. மீண்டும் விசாரணை நடந்தது. ஆக, அந்தப் பெண்களுக்குக் குரல் இருந்தது. அரசுக்குக் காதும் இருந்தது.

பின்வந்த நூற்றாண்டுகளில் நிலைமை தேய்ந்தது. அறியாச் சிறுமிக்குப் பொட்டுக் கட்டிவிட்டு, அதைத் தருமம் என்றார்கள். கோயில் பணியை விட்டால் மானிய நிலமும் போய்விடும். பிறகு எப்படி விடுவது?

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் வந்தது. அதுவும் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டுமே. 1927இல் சட்டசபையின் உபதலைவரானார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தாயார் சந்திரம்மாளும் தேவதாசி மரபில் வந்தவரே. அவர் முயற்சியால் 1929இல் வந்த சட்டத் திருத்தம், மானிய நிலத்தைக் கோயில் பணியிலிருந்து விடுவித்து, அந்தப் பெண்களுக்கே உரிமையாக்க வழி செய்தது. பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

எதிர்த்தவர்கள் வைதிகர்கள் மட்டுமல்லர். சென்னைத் தேவதாசிகள் சிலரே சங்கமாகக் கூடி அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். எங்கள் கலைக்கும் பிழைப்புக்கும் என்ன வழி என்பது அவர்கள் கேள்வி. அதை அறியாமை என்று நான் தள்ளமாட்டேன். சிறுமியைக் காப்பாற்றியே ஆகவேண்டும்; அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் வளர்ந்தவளின் பிழைப்பைப் பறித்துவிட்டு, "போ, நீ சுதந்தரமானவள்" என்று சொன்னால், அந்தச் சுதந்தரத்தை அவள் எந்த உலையில் போட்டுக் கொதிக்க வைப்பாள்? 1947இன் தடையைவிட 1929இன் நிலத்தையே நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

திரும்பும் வழியில் மீன்காரப் பெண்கள் கூடையோடு சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்திலிருந்து நாளை அவர்களை எழுப்பிவிட்டால், யாரிடம் போய் வழக்குரைப்பார்கள்? அறுநூறு ஆண்டுகளுக்கு முன், கூப்பிடு தூரத்தில், பணி செய்த பெண்களின் வழக்கை ஓர் அரசு உட்கார்ந்து கேட்டிருக்கிறது. சாட்சி வேண்டுமென்றால், அந்தக் கல் இருக்கிறது.