அராக் (உகாய்)

அராக் என்பது பாலை நிலத்துச் சிறுமரம் ஒன்றின் அரபுப் பெயர். பழந்தமிழில் உகாய், சிங்களத்தில் மலித்தன். லின்னேயஸ் 1753இல் இதற்கு சால்வடோரா பெர்சிகா என்று பெயரிட்டார். மிஸ்வாக் என்னும் பற்குச்சி பெரும்பாலும் இதன் வேரிலிருந்தும் கிளையிலிருந்தும் கிடைப்பது. உப்பு மண்ணையும் வறட்சியையும் தாங்கும் மரமாகையால் இலங்கையில் மன்னார், அம்பாந்தோட்டை முதலிய உலர்வலயக் கரையோரங்களில் இயல்பாக வளர்கிறது. கண்டிக்கு மேற்கே பிலிமத்தலாவை போன்ற மழை மிகுந்த மலைநாட்டு ஊர்களுக்கு இது மரமாக அன்றி, குச்சியாகவே வந்து சேர்கிறது.

இஸ்லாத்துக்கு முந்திய கவிஞர் இம்ருல் கைஸ் காதலியின் விரல்களைப் பற்குச்சிக்கு ஒப்பிட்டார். எனினும் அவர் சுட்டியது இஸ்ஹில் என்னும் வேறொரு மரத்தை. நபிமொழித் தொகுப்புகளில் அராக் பலமுறை வருகிறது. நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் செய்தியில் தோழர்கள் அராக் பழம் பறிக்கையில், கறுத்தவையே சுவை மிக்கவை என்கிறார் நபிகள். ஆடு மேய்த்தவர்க்கே தெரியக்கூடிய விவரம் இது. நீங்கள் ஆடு மேய்த்ததுண்டா என்று தோழர்களும் கேட்க, ஆடு மேய்க்காத நபி எவரும் இல்லை என்று விடை வருகிறது. சமுதாயத்துக்குச் சிரமமாகாதெனில் ஒவ்வொரு தொழுகைக்கும் பல் துலக்கப் பணித்திருப்பேன் என்ற கூற்றும் புகழ்பெற்றது. குர்ஆனின் 34ஆம் அத்தியாயத்தில் சபா நாட்டின் அழிந்த தோட்டங்களில் முளைத்ததாகச் சொல்லப்படும் 'கம்த்' இம்மரமே என விரிவுரையாளர் சிலர் கொள்வர். கசப்புக் கனி தரும் எதையும் அச்சொல் குறிக்கும் என்பர் வேறு சிலர்.

தமிழில் இம்மரத்தைப் பற்றிய நுட்பமான பதிவுகள் சங்கப் பாடல்களில் உள்ளன. குறுந்தொகை 274 இதன் அடிமரத்தைப் புறாவின் முதுகுக்கும் கனியைக் காசுமணிக்கும் ஒப்பிடுகிறது. சாம்பல் படர்ந்த பட்டையை நேரில் கண்டவர் இவ்வுவமையை மறப்பதில்லை. அப்பாடலில் ஆறலைகள்வர் கனிகள் உதிர மரமேறி, வழிப்போக்கரை எதிர்நோக்கி, நீர்வேட்கை தணிய நார் மெல்கின்றனர். அது உகாயின் நாரே என்று கொள்ள இடமுண்டு. அப்படியாயின், இம்மரத்தை மெல்லும் வழக்கத்துக்கு அது ஒரு தொன்மையான தமிழ்ச் சான்று. நற்றிணை 66 இதன் காயை மிளகுச் சுவையது என்கிறது. அதைத் தின்ற புறா உயர்ந்த கிளையில் அமர்ந்து கழுத்தைச் சுழற்றித் தவிக்கிறது. அந்தக் காரம் கற்பனையன்று: கடுகுக்குக் காரம் தரும் சேர்மங்களின் இனத்தைச் சேர்ந்த பென்சைல் ஐசோதயோசயனேட் இம்மரத்தில் உண்டு. விவிலியத்தின் கடுகு மரம் இதுவே என 1840களில் தாவரவியலாளர் ராயில் வாதிட்டார். அக்கருத்து பொதுவாக ஏற்கப்படவில்லை. சங்கப் பாடல்களில் வரும் ஓமை என்னும் மரமும் உகாயும் ஒன்றா என்பதிலும் கருத்து வேற்றுமை உண்டு.



இலங்கைத் தாவரங்களை முறையாகத் தொகுத்த பணி பிலிமத்தலாவைக்கும் கண்டிக்கும் இடையிலுள்ள பேராதனையில் நடந்தது. அங்குள்ள தாவரவியல் பூங்கா 1821இல் அமைக்கப்பட்டது. அதன் இயக்குநர் ஹென்றி டிரைமென் எழுதத் தொடங்கிய இலங்கைத் தாவர நூல் 1893 முதல் 1900 வரை வெளிவந்தது. 1896இல் அவர் மறைந்தபின் ஜோசப் ஹூக்கர் அதை நிறைவு செய்தார். கரையோர உலர்நிலத்து மலித்தனுக்கும் அந்நூலில் இடமுண்டு.

பல் துலக்க மிஸ்வாக்கைப் பயன்படுத்துவதை உலக சுகாதார நிறுவனம் 1980களில் பரிந்துரைத்தது. இப்போது உறையிலிட்ட குச்சிகள் பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து விற்பனைக்கு வருகின்றன. இம்மரமோ இலங்கையின் யால, வில்பத்து வனப்பகுதிகளில் காட்டுநிலையில் காணப்படுகிறது.