வெள்ளை வானம்: யோசெமிட்டியின் புகைப்படங்களில் தெரிவதும் தெரியாததும்

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை நேரில் காணாதவர்களுக்கும் அதன் முகம் பழக்கமானதுதான். நாள்காட்டிகளில் பார்த்திருப்போம். ஆப்பிள் நிறுவனம் 2014-லும் 2015-லும் வெளியிட்ட கணினி இயங்குதளங்களுக்கு யோசெமிட்டி, எல் கேபிடன் என்றே பெயர் வைத்து, அந்தப் பாறைகளையே திரையின் பின்னணியிலும் நிறுத்தியது. செங்குத்தான கருங்கல் சுவர்கள், அவற்றிலிருந்து பட்டுநூலாய் இறங்கும் அருவிகள், கீழே புல்வெளி, நடுவே ஓர் ஆறு. மனிதர் எவரும் இல்லை. இதை 'இயற்கை' என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். ஆனால் இந்தக் காட்சி ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் புகைப்படக்காரர்கள் ஒளியோடு நடத்திய மல்லுக்கட்டில் உருவானது. அதில் எது வேதியியலின் கட்டாயம், எது மனிதரின் தேர்வு என்று பிரித்துப் பார்ப்பது புகைப்பட வரலாற்றைத் தாண்டியும் பயனுள்ளது என்று கருதுகிறேன்.

முதலில் அந்த இடத்தின் ஒளி. பள்ளத்தாக்கு ஏறத்தாழ ஏழு மைல் நீளம், கிழக்கு மேற்காகக் கிடப்பது. இருபுறமும் ஆயிரக்கணக்கான அடி உயரச் சுவர்கள். எல் கேபிடன் பாறை மட்டும் அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 3000 அடி எழுகிறது. யோசெமிட்டி அருவி மூன்று கட்டமாக மொத்தம் 2425 அடி விழுகிறது. இத்தகைய குழிவில் வெயில் ஒருபோதும் சமமாகப் பரவுவதில்லை. வடக்குச் சுவர் வெயிலில் வெந்துகொண்டிருக்கும்போது தெற்குச் சுவர் நிழலில் உறைந்திருக்கும். நிழல் மூடிய பாறையின் மேல் வெண்ணுரை பொங்கும், அதற்கும் மேலே கண் கூசும் வானம் இருக்கும். நம் கண் இவ்வனைத்தையும் ஒருங்கே ஏற்றுக்கொள்கிறது. விழியும் மூளையும் கணந்தோறும் சமரசம் செய்துகொள்கின்றன. கேமராவுக்கு அந்தச் சமரசம் தெரியாது. இன்றைய டிஜிட்டல் கேமராவே இங்கே திணறும் என்றால், 19-ஆம் நூற்றாண்டின் கண்ணாடித் தகடு என்ன பாடு பட்டிருக்கும்?

1859 ஜூன் மாதம் சார்லஸ் வீட் என்பவர் இங்கே முதல் புகைப்படங்களை எடுத்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1861-இல், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கார்ல்டன் வாட்கின்ஸ் வந்தார். வயது முப்பத்தொன்று. அன்று படத்தைப் பெரிதாக்கி அச்சிடும் வசதி நடைமுறையில் இல்லை; பெரிய படம் வேண்டுமென்றால் அதே அளவில் நெகடிவ் வேண்டும். எனவே அவர் 18 அங்குலத்துக்கு 22 அங்குலம் அளவுள்ள கண்ணாடித் தகடுகளை ஏற்கும் ராட்சதக் கேமரா ஒன்றைச் செய்வித்துக்கொண்டார். கேமரா, கண்ணாடிகள், ரசாயனப் புட்டிகள், இருட்டறைக் கூடாரம் எல்லாமாகச் சேர்ந்து ஏறத்தாழ ஒரு டன் சுமை. கோவேறு கழுதைகள் அதை மலைப்பாதையில் சுமந்து வந்தன. அந்தப் பயணத்தில் 30 பெருந்தகட்டுப் படங்களையும், இரட்டைவில்லையில் பார்ப்பதற்கான 100 ஸ்டீரியோ படங்களையும் எடுத்தார்.

அவர் கையாண்டது ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடியின் மேல் பசைபோன்ற கொலோடியனை ஒரே சீராக ஊற்றிப் பரப்ப வேண்டும். கூடாரத்தின் இருட்டில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் பொருத்தி, ஒளி பட விட்டு, ஓடிவந்து கூடாரத்துக்குள் கழுவியும் ஆகவேண்டும். காய்ந்துவிட்டால் தகடு செத்தது. சில நிமிடங்களே அவகாசம். தூசி படிந்தாலோ கை நடுங்கினாலோ எல்லாம் வீண். வாட்கின்ஸின் தகடுகளில் சாமர்த்தியத்தைவிடப் பொறுமையையே நான் அதிகம் காண்கிறேன்.

இந்தத் தகட்டுக்கு ஒரு விசித்திரக் குருடு உண்டு. நீலத்தையும், நம் கண்ணுக்கே புலப்படாத புற ஊதாவையும் அது ஆவலோடு பருகும். பச்சை அதற்கு ஏறக்குறைய இருட்டு. சிவப்பு முழு இருட்டு. விளைவு என்ன? பாறைக்கும் மரத்துக்கும் போதுமான ஒளி சேரும்வரை காத்திருந்தால், அதற்குள் நீல வானம் அளவுக்கு மிஞ்சி எரிந்து போயிருக்கும். அச்சில் அந்த வானம் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கும். மேகம் இருந்த தடயமும் இராது. ஊசியிலைக் காடுகளோ கரிய திட்டுகளாகிவிடும். சில விநாடிகள் முதல் பல நிமிடங்கள் வரை தகடு திறந்திருந்ததால், விழும் நீர் துளிதுளியாகப் பதியாமல் பாலாகவும் பஞ்சாகவும் குழைந்தது. அருவியின் தலைப்பாகம் வெள்ளை வானத்தோடு ஒட்டினால் அருவி எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது.

இன்று நாம் அழகு என்று கொண்டாடும் அந்தப் 'பட்டு நீர்' தொடக்கத்தில் ஓர் இயலாமைதான். இப்போது அதற்கென்றே கருப்புக் கண்ணாடி ஃபில்டர்களை விலை கொடுத்து வாங்கி, லென்ஸின் முன் மாட்டி, வேகமாகப் படமெடுக்கத் தெரிந்த கேமராவை வேண்டுமென்றே மெதுவாக்குகிறார்கள்.

வாட்கின்ஸ் தன் தகட்டின் குருட்டை மறைக்க முயலவில்லை, அதற்கேற்பக் காட்சியை அமைத்தார். வெள்ளை வானத்தை ஒரு வடிவமாகவே பயன்படுத்தினார்: பாறையின் விளிம்பு அதன்மேல் கத்தியால் கீறியதுபோல நிற்கும். கண்ணாடி ஏரியில் காற்றடங்கிய வேளையில் மலை தலைகீழாகத் தோன்ற, மேலும் கீழும் இரண்டு வெண்மைகளுக்கு நடுவே கல் மிதக்கும். மேகமற்ற, பருவமற்ற, நாளும் பொழுதும் குறிக்க முடியாத ஒரு வெளி. படைப்பின் முதல் நாள் இப்படித்தான் இருந்திருக்கும் என்று கிழக்குக் கரையிலிருந்த அமெரிக்கர்கள் நம்புவதற்கு இது தோதாக அமைந்தது.

அவர்கள் நம்பவும் செய்தார்கள். 1862-ஆம் ஆண்டு இறுதியில் நியூயார்க்கின் கூப்பில் காட்சிக்கூடத்தில் இப்படங்கள் வைக்கப்பட்டன. உள்நாட்டுப் போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்த காலம் அது. ரத்தம் படாத ஒரு நிலத்தைக் காண நகரத்தார்க்கு ஆசை இருந்திருக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் செனட்டர் ஜான் கானஸ் வாட்கின்ஸின் படங்களை வைத்திருந்தவர். அவர் கொண்டுவந்த மசோதாவில் 1864 ஜூன் 30 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். பள்ளத்தாக்கும் மாரிபோசா செம்மரத் தோப்பும் பொதுமக்கள் பயனுக்கென்று என்றைக்குமாக ஒதுக்கப்பட்டன. லிங்கன் படங்களைப் பார்த்து உருகிக் கையெழுத்திட்டார் என்று சொல்லப்படும் கதைக்கு உறுதியான சான்று இல்லை. அது இல்லாமலேயே படங்களின் பங்கு தெளிவாக இருக்கிறது. வாஷிங்டனில் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்துக்குப் போனதில்லை. அவர்களுக்கு யோசெமிட்டி என்பது வாட்கின்ஸின் யோசெமிட்டியே.

அதே படங்களை நியூயார்க்கில் கண்ட ஓவியர் ஆல்பர்ட் பியர்ஸ்டாட் 1863-இல் நேரிலேயே கிளம்பிப் போனார். 1865-இல் அவர் தீட்டிய பெரிய ஓவியத்தில், தகட்டால் தர முடியாத அனைத்தும் உண்டு. பொன்னொளி வழியும் வானம், மேகம், மூட்டம். மனிதர் மட்டும் அதிலும் கிடையாது.

இங்கேதான் கேள்வி எழுகிறது. வானம் இல்லாததற்குக் கொலோடியன் காரணம். மனிதர் இல்லாததற்கு?

அந்தப் பள்ளத்தாக்கு ஆளற்றதாக இருந்ததில்லை. அங்கே வாழ்ந்த மக்கள் அதை அவானி என்றும் தம்மை அவானிச்சி என்றும் அழைத்தார்கள். தங்கவேட்டை தொடங்கிய சில ஆண்டுகளில், 1851 மார்ச் மாதம், மாரிபோசா படைப்பிரிவு அவர்களை வெளியேற்றும் நோக்கத்தோடு உள்ளே நுழைந்தது. கிராமங்களும் சேமித்து வைத்திருந்த உணவும் கொளுத்தப்பட்டன. அந்தப் படையோடு சென்ற மருத்துவர் லஃபாயெட் பன்னல்தான் பள்ளத்தாக்குக்கு யோசெமிட்டி என்று பெயரிடச் செய்தவர். பிடிபட்ட தலைவர் டெனாயாவிடம், மேலே உள்ள ஓர் ஏரிக்கு உங்கள் பெயரையே வைக்கிறோம் என்று பன்னல் பெருமையோடு சொன்னதாகவும், அதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டே என்று டெனாயா பதிலளித்ததாகவும் பன்னலே பின்னாளில் எழுதியிருக்கிறார். வரலாற்றில் இதைவிடச் சுருக்கமான மறுப்பை நான் அதிகம் படித்ததில்லை.

துரத்தப்பட்டவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். வாட்கின்ஸ் கூடாரம் அடித்தபோதும் அவர்கள் அங்கே இருந்தார்கள். அசைபவர்கள் நீண்ட ஒளிபதிவில் கரைந்துவிடுவார்கள் என்று தொழில்நுட்பத்தின் மேல் பழியைப் போடலாமா? அதற்கு இடம் கொடுக்காத ஒரு சாட்சி இருக்கிறது. 1872-இல் எட்வர்ட் மைபிரிட்ஜ் அதே ஈரக் கொலோடியனோடு வந்தார். ஓடும் குதிரையின் கால்களைப் பின்னாளில் தனித்தனியே பிடித்துக்காட்டிப் புகழ்பெற்றவர் இவர். அவானி மக்களை அவருடைய தகடு பதிந்துவைத்தது. பியர்ஸ்டாட் அவர்களை எதிரே வைத்து வரைந்துகொண்டிருப்பதைக் காட்டும் ஸ்டீரியோ படமும் ஒன்று உண்டு. ஆக, தகட்டுக்கு மனிதர் தெரிந்தார்கள். பேரளவுப் படங்களில் அவர்களைக் காட்டாதது ரசனை சார்ந்த முடிவு. அந்த ரசனை ஒரு நில உரிமைக் கோட்பாட்டுக்கு வசதியாக இருந்தது.

மைபிரிட்ஜைப் புனிதராக்கவும் வேண்டியதில்லை. வானத்துக்கு அளவாக ஒளி விழும்படி தகட்டின் மேற்பாகத்தைப் படிப்படியாக மறைக்கும் 'வான மறைப்பு' ஒன்றை 1869-இல் வெளியிட்டார். அது போதாதபோது, வேறெங்கோ எடுத்த மேக நெகடிவை மலையின்மேல் சேர்த்து அச்சிட்டார். பார்வைக்குக் குறுக்கே நின்ற மரங்களை வெட்டச் செய்தார் என்று அக்காலச் செய்தித்தாளே எழுதியது. ஆனாலும் அருவிகளுக்கு ஆங்கிலப் பெயரோடு பழங்குடிப் பெயர்களையும் தலைப்பில் கொடுத்தவர் அவர். வெர்னல் அருவியின் படத்துக்கு பைவையாக் என்பதே முதற்பெயர்.

பாடம் நடத்துகிறவனின் பழக்கத்தில் ஒரு சிறு விலகல். நம் திணைக் கோட்பாட்டில் நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள். பொழுது நீங்கிய நிலத்தைத் தொல்காப்பியம் எண்ணிப் பார்க்கவில்லை. அந்நிலத்து மக்கள் கருப்பொருளில் அடங்குவர். அவர்களை நீக்கிவிட்டால் குறிஞ்சி என்ற சொல் வெறும் மலைக்குச் சுருங்கிவிடும். வாட்கின்ஸின் வெள்ளை வானம் பொழுதைத் துடைத்தது, சட்டகம் மக்களைத் துடைத்தது. மீந்தது நிலம் மட்டும். அகப்பாடலைப் படித்தவனுக்கு அந்தப் பேரழகு சற்றே மூச்சு முட்டுகிறது.

வேதியியல் தன் பங்குக்கு முன்னேறியது. 1873-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபோகல், சாயம் கலந்தால் தகடு பச்சையையும் காணும் என்று கண்டறிந்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லா நிறங்களையும் உணரும் பாங்க்ரோமாடிக் தகடுகள் கடைக்கு வந்தன. வானம் கடைசியில் புகைப்படக்காரரின் கைக்கு எட்டியது.

அதன் உச்சம் 1927 ஏப்ரல் 10. இருபத்தைந்து வயது அன்செல் ஆடம்ஸ் நண்பர்களோடு பனிச்சரிவில் ஏறி, ஹாஃப் டோம் பாறையின் எதிரே ஒரு விளிம்பில் நின்றார். அந்தச் செங்குத்து முகத்தில் பிற்பகலில்தான் வெயில் விழும். காத்திருந்தார். மிச்சம் இருந்தவை இரண்டே தகடுகள். முதலாவதை வழக்கமான மஞ்சள் ஃபில்டரோடு எடுத்தார். எடுத்த கணமே, வானம் சாம்பலாகத்தான் வரும், தான் உணர்ந்த கம்பீரம் அதில் இராது என்று அவருக்குத் தோன்றியது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டினார். சிவப்பு நீலத்தைத் தடுக்கும். வானம் ஏறக்குறையக் கருப்பானது, பாறை அதிலிருந்து பிளந்து எழுந்தது. அழுத்துவதற்கு முன்பே அச்சை மனத்தில் காண்பது என்ற தன் கொள்கை அன்று பிறந்ததாக அவர் பிற்காலத்தில் சொல்லிவந்தார்.

வாட்கின்ஸின் வெள்ளை வானமும் ஆடம்ஸின் கருப்பு வானமும் ஒரே அளவுக்குப் பொய், ஒரே அளவுக்கு மெய். ஒரு வேறுபாடு உண்டு. முன்னவருக்கு வேறு வழியில்லை, பின்னவர் தேர்ந்துகொண்டார். ஆனால் ஆளற்ற நிலம் என்னும் பழைய சட்டகத்தை இவரும் அப்படியே வாங்கிக்கொண்டார். இத்தனைக்கும் அந்நாளில் பள்ளத்தாக்கில் கார்களும் விடுதிகளும் வந்துவிட்டிருந்தன.

ஒளியின் கதை வண்ணத்துக்கு மாறியது 1973-இல். எல் கேபிடனின் கிழக்கோரத்தில் ஹார்ஸ்டெயில் என்ற மெலிந்த அருவி உண்டு. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் மட்டுமே ஓடுவது. பிப்ரவரியின் பிற்பாதியில் சில நாட்கள், மேற்கே வானம் தெளிந்திருந்து, மேலே பனி உருகி நீரும் இருந்தால், கடைசி வெயில் அந்த நீரை மட்டும் தொட்டுச் சில நிமிடங்கள் எரியும் குழம்பாக்கிவிடும். கேலன் ரோவெல் அதை வண்ணப் படமாக்கினார். பிறகு இணையம் வந்தது. அந்தச் சில நிமிடங்களுக்காக ஆயிரக்கணக்கானோர் முக்காலிகளோடு குவிய, ஆற்றங்கரை மண் சரிந்தது, செடிகள் மிதிபட்டன. சாலையோரங்களையும் கரையையும் அடைத்து, சில ஆண்டுகளில் முன்பதிவும் கட்டாயமாக்கினார்கள். அத்தனை பேரும் தங்களைச் சட்டகத்துக்கு வெளியே நிறுத்திக்கொண்டு, ஆளற்ற மலையை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

வாட்கின்ஸின் முடிவு கொடியது. கடனில் தன் நெகடிவுகளை இழந்தார். மீண்டும் எடுத்துச் சேர்த்தவற்றை 1906-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் தீயும் விழுங்கின. அப்போது அவருக்குப் பார்வை ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. நாபாவின் மனநல மருத்துவமனையில் 1916-இல் இறந்தார்.

எஞ்சிய அச்சுகளை இன்று சூழலியலாளர்கள் வேறு கண்ணோடு படிக்கிறார்கள். அவற்றில் தெரியும் விரிந்த புல்வெளிகளும் இடைவெளிவிட்டு நிற்கும் கருவாலி மரங்களும் தாமாக அமைந்தவையல்ல. உணவுக்குக் கருவாலிக் கொட்டை வேண்டி, அவானி மக்கள் காலங்காலமாகச் சிறுதீ மூட்டி அடர்காட்டை அண்டவிடாமல் காத்த நிலம் அது. அவர்களை விரட்டித் தீயையும் தடைசெய்தபின் ஊசியிலை மரங்கள் புல்வெளியை மூடத் தொடங்கின. வாட்கின்ஸ் நின்ற பல இடங்களில் இன்று மரங்கள் பார்வையை மறைக்கின்றன. பள்ளத்தாக்கில் மிஞ்சியிருந்த பழங்குடிக் குடியிருப்பின் வீடுகள் 1969-இல் தீயணைப்புப் பயிற்சியின்போது அழிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 1970-இல், காட்டைத் திறந்து வைப்பதற்காகப் பூங்கா நிர்வாகம் தானே திட்டமிட்டுத் தீ மூட்டத் தொடங்கியது.