டூரோப் பள்ளத்தாக்கின் செம்மது

நாரந்தனையை அடுத்த ஊர்காவற்றுறைக் கரையில் நிற்பார்க்குக் கடல்நடுவே தோன்றும் கோட்டை, போர்த்துக்கேயர் காலத்தை நினைவூட்டும். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய அவர்கள் 1658இல் அதனை ஒல்லாந்தரிடம் இழந்தனர். ஆட்சி அகன்றது, மேசை, அலுமாரி, பாண் என அவர்தம் சொற்கள் நம்மிடையே நிலைத்தன. அவற்றுள் 'பீப்பா'வும் ஒன்று. போர்த்துக்கல்லின் டூரோப் பள்ளத்தாக்கில் மதுவை அளக்கும் அலகுக்கும் அதுவே பெயர். ஒரு பீப்பா 550 லீற்றர் கொள்ளும். அப்பள்ளத்தாக்கின் வரலாறு ஆராயத்தக்கது.

டூரோ ஆற்றின் இருமருங்கும் செங்குத்தான மலைகள். ஆங்கு மண் அரிது. ஏடு ஏடாகப் பிளக்கும் பாறையே மிகுதி. உழைப்பாளர் அதனை உடைத்து, சாந்தின்றிக் கல்லடுக்கிச் சுவரெழுப்பி, துகளையே மண்ணாக நிரப்பிப் படிப்படியாகத் தோட்டம் அமைத்தனர். நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளைக் கண்டோர்க்கு இத்தொழிலின் அருமை எளிதில் விளங்கும். பாறைப் பிளவுகளில் வேரோடி, கடுங்கோடையில் விளையும் கருந்திராட்சையே மதுவுக்குச் செந்நிறமும் துவர்ப்பும் அளிப்பது.

1703இல் இங்கிலாந்துடன் செய்த மெதுவன் உடன்படிக்கையால், பிரெஞ்சு மதுவினும் குறைந்த வரியில் போர்த்துக்கேய மது அங்கு விலைப்பட்டது. புளிப்பேறுங்கால் திராட்சைச் சாராயம் கலந்து இனிமையை நிறுத்தும் முறையும் நாளடைவில் வழக்காயிற்று. அதுவே 'போர்ட்' மது. வாணிகம் பெருகவே கலப்படமும் பெருகியது. வேறு கனிச்சாறு சேர்த்து நிறமூட்டினர். 1756இல், பின்னாளில் பொம்பால் கோமகன் எனப்பட்ட அமைச்சர் தனியுரிமைக் கழகம் நிறுவி, விளைநிலத்தைக் கருங்கல் தூண்களால் எல்லையிட்டார். மதுவின் தரம் காக்கப்பட்டது. ஆயினும் அத்தனியுரிமையை எதிர்த்து 1757இல் போர்த்தோ நகரிற் கிளர்ந்த எளியோர் பலர் தூக்கிலிடப்பட்டனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்ப்பேன் கொடிகளை அழித்தது. பல படிகள் பாழாய்க் கிடந்தன. பின்னர் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித் தோட்டங்கள் மீண்டன. 1952இல் ஆக்கப்பெற்ற 'பார்க்கா வெல்யா', சாராயம் கலவாத செம்மதுவும் இந்நிலத்திற் சிறக்கும் எனக் காட்டியது. 2001இல் யுனெஸ்கோ இப்பள்ளத்தாக்கை உலக மரபுரிமையாக ஏற்றது.

அமைச்சர் பெயரை ஏடுகள் கூறும். வணிகர் பெயரைப் புட்டிகள் கூறும். மலையைப் படியாக்கியோருள் அயலூரிலிருந்து கூலிக்கு வந்த கலீசியர் பலர். அவர் பெயரைக் கூறுவார் இலர். எனினும் அவர் அடுக்கிய கற்களே இன்றும் அம்மலையைத் தாங்கி நிற்கின்றன. வரலாறு கற்கும் மாணவர் கோட்டைகளோடு இத்தகைய சுவர்களையும் நோக்குதல் வேண்டும்.