திருநாதர்குன்றின் 57 நாள்கள்

செஞ்சிக்குப் பக்கத்தில், சிங்கவரத்தை அடுத்து நிற்கிறது திருநாதர்குன்று. மேலே ஒரு பெரும்பாறையின் முகத்தில் 24 தீர்த்தங்கரர்களும் வரிசைக்குப் பன்னிருவராக அமர்ந்திருக்கிறார்கள். ஏறி வருகிறவர்கள் அந்தச் சிற்பத்தைப் பார்த்த நிறைவோடு இறங்கிவிடுவார்கள். ஆனால் அதே குன்றில் இன்னும் பழைய சேதி ஒன்று கல்லில் கிடக்கிறது. சந்திரநந்தி என்ற ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த இடம், அதாவது அவருடைய நிசீதிகை, இது என்கிறது அந்தச் சிறு கல்வெட்டு. எழுத்தின் வடிவத்தை வைத்து அதற்குக் கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு என்று காலம் குறிக்கிறார்கள். சில நூறு ஆண்டுகள் கழித்து வெட்டப்பட்ட இன்னொரு கல்வெட்டு, இளையபட்டாரர் என்பவர் அங்கேயே 30 நாள் நோன்பிருந்து மறைந்ததைச் சொல்கிறது.

அரசன் பெயரில்லை, நிலக்கொடை இல்லை, அழுகையும் இல்லை. பெயரும் நாள் கணக்கும் மட்டும். தன் சாவைத் தானே எதிர்கொண்டு, நாள் எண்ணி முடித்த ஒருவரைப் பற்றி உடனிருந்தவர்கள் இவ்வளவு போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

இந்த நோன்பைச் சமணர் சல்லேகனை என்பார்கள். அதற்கு அடியில் இருப்பது உயிரைப் பற்றிய ஒரு தீர்மானமான நம்பிக்கை. உயிர் அழிவற்றது, எறும்புக்குள் எறும்பளவும் யானைக்குள் யானையளவும் விரிந்து நிற்கும். வினை என்பது நுண்ணிய துகளாக வந்து உயிர்மேல் படியும் பொருள். உண்பதிலும் நடப்பதிலும்கூடச் சிற்றுயிர்கள் சாகின்றன, வினை சேர்கிறது. உடம்பு நோன்பு நோற்பதற்கான கருவி. அந்தக் கருவி இனி உதவாது என்று ஆன பிறகு அதற்கு இரை போட்டுக்கொண்டே இருப்பது உயிருக்குச் சுமை. இந்தக் கணக்கை ஏற்காதவர்கள்கூட, இதை நம்பியவர்கள் சாவை முடிவாகப் பார்க்கவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கல்வெட்டைப் படிக்க வேண்டும்.

நினைத்தவர் நினைத்த நாளில் தொடங்கும் காரியமல்ல இது. சமந்தபத்திரர் எழுதிய ரத்தினகரண்ட சிராவகாசாரம் எப்போது இது தகும் என்று வரையறுக்கிறது: தப்ப முடியாத இடர், கடும் பஞ்சம், தள்ளாத முதுமை, தீராத நோய். அந்த நூலைத் தழுவித் தமிழில் எழுந்ததுதான் அருங்கலச்செப்பு. முதலில் பற்றையும் பகையையும் விட வேண்டும். உற்றாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், தானும் மன்னிக்க வேண்டும். செய்த குற்றங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். பிறகு திட உணவு நிற்கும். பால் போன்றவை, அதன்பின் மோர், கஞ்சி, அதன்பின் வெந்நீர் என்று படிப்படியாகக் குறைந்து, கடைசியில் அதுவும் நிற்கும். இதில் குற்றமாக எண்ணப்படுபவையே எல்லாவற்றிலும் முக்கியம். இன்னும் கொஞ்சம் வாழ வேண்டும் என்று ஏங்கினால் குற்றம். சீக்கிரம் செத்தால் தேவலை என்று விரும்பினாலும் அதே அளவு குற்றம்.

தனியாகக் கிடந்து சாவதும் இல்லை. பகவதி ஆராதனை என்ற பழைய பிராகிருத நூல், நோன்பிருப்பவருக்குத் துணையாக 48 முனிவர்கள் இருக்கலாம் என்கிறது. எழுந்து உட்காரக் கைகொடுப்பவர்கள், அறக்கதை சொல்பவர்கள், கழிவை அகற்றுபவர்கள், வாசலில் காவல் நிற்பவர்கள் என்று வேலை பிரித்துக் கொடுக்கிறது. அத்தனை பேர் கிடைக்காவிட்டால் குறைந்தது இரண்டு பேர். மருத்துவமனைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாமல் பலர் கண்மூடும் இந்தக் காலத்தில், அந்தப் பட்டியலைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

சிரவணபெளகொளாவின் சந்திரகிரி இந்த வழக்கத்தின் பெரிய ஆவணக் காப்பகம். கி.பி. 600ஐ ஒட்டிய ஒரு கல்வெட்டு, பிரபாசந்திரர் அங்கே உயிர் நீத்ததையும் காலப்போக்கில் 700 முனிவர்கள் அவர் வழியில் போனதையும் சொல்கிறது. அரசர்களும் இந்த வழியை ஏற்றார்கள். கங்க அரசன் இரண்டாம் மாரசிம்மன் ஆட்சியைத் துறந்து பங்காபுரத்தில் நோன்பிருந்து இறந்ததை சந்திரகிரித் தூண் ஒன்று பதிவு செய்கிறது. அவன் அரியணை ஏற்றிவிட முயன்ற மருமகன், கடைசி ராஷ்டிரகூடனான நான்காம் இந்திரன், 982இல் சிரவணபெளகொளாவிலேயே நோன்பிருந்து மறைந்தான். நேர் எதிர்க் குன்றில் சாவுண்டராயர் எழுப்பிய கோமடேசுவரர் சிலை உருவானதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான்.

அந்தக் கல்வெட்டுகளில் நெஞ்சை அறுப்பது மாசிக்கப்பேயின் கதை. ஹொய்சள அரசி சாந்தலாதேவி 1131இல் சிவகங்கை என்ற தலத்தில் இறந்தபோது, இனித் தான் இருக்க முடியாது என்று சொல்லி அவள் தாயான மாசிக்கப்பே சிரவணபெளகொளாவுக்கு வந்தாள். ஒரு மாதம் நோன்பிருந்து உயிர் விட்டாள். உற்றார்மேல் பாசம் வைத்து ஏங்குவதும் இந்த நோன்பில் குற்றம்தான். ஆனாலும் மகளை இழந்த தாயின் துக்கத்தைக் கல்வெட்டு மறைக்கவில்லை. விதியைவிடப் பெரியது அந்த நேர்மை.

தமிழில் இதற்குப் பக்கத்தில் நிற்பது, வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடும் வடக்கிருத்தல். இரண்டும் ஒன்றல்ல. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணத்தால் வடக்கிருந்தான். உயிரின் விடுதலை அங்கே பேச்சில் இல்லை. பெற்ற மக்களே எதிர்த்து நின்றபோது வடக்கிருந்த கோப்பெருஞ்சோழனின் நிலை வேறு. அவன் பாடியதாகப் புறநானூற்றில் உள்ள 214ஆம் பாட்டு, நல்வினைக்குப் பலன் உண்டா என்று தயங்குகிறவர்களுக்குப் பதில் சொல்கிறது. மேலுலகம் கிடைக்கலாம், பிறவி நீங்கலாம், எதுவுமே இல்லாவிட்டாலும் பழியற்றுச் சாவது நல்லது என்பது அவன் முடிவு. சந்திரநந்திக்கு உயிரின் மேல் ஐயமில்லை. சோழன் அந்த ஐயத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே வடக்கு நோக்கி அமர்ந்தான். நேரில் கண்டறியாத நண்பர் பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வந்து உடன் அமர்ந்தார்.

சல்லேகனை இன்றும் நின்றுவிடவில்லை. ஆசாரிய சாந்திசாகரர் 1955 செப்டம்பரில் குந்தல்கிரியில் அப்படித்தான் மறைந்தார். சமணர் அல்லாத வினோபா பாவேயும் 1982 நவம்பரில் பவனாரில் உணவையும் மருந்தையும் மறுத்துக் கண்மூடினார். 2015 ஆகஸ்ட் 10இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைத் தற்கொலைக்குச் சமமாக்கித் தண்டனைக்குரியது என்றது. அதே மாதம் 31இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் இடம்பெறவில்லை.

சாக விரும்புவதையே குற்றம் என்று வைத்த ஒரு நோன்பைத் தற்கொலையோடு சேர்ப்பது தவறு. அதே நேரம், சம்மதம் சொல்லும் வயது வராத குழந்தைக்கோ நினைவு தப்பிய மூதாட்டிக்கோ குடும்பத்தார் முடிவெடுத்து இந்த நோன்பைச் செய்வித்தால், அது சமந்தபத்திரர் சொன்ன நோன்பும் அல்ல. அவரவர் தாமே, தெளிந்த மனத்தோடு, படிப்படியாக ஏற்க வேண்டியது இது. நீதிமன்றமும் சமண சங்கங்களும் காக்க வேண்டியது அந்தத் தெளிந்த சம்மதத்தைத்தான்.