நாலாம் வரிசையின் இருட்டு

கமராவின் தோளில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதில் சித்திரக் குறிகள்: ஒரு பெண்ணின் முகம், ஒரு மலை, ஒரு பூ, ஓடும் மனிதன், இரவில் நிற்கும் ஆள். இவற்றோடு 'ஓட்டோ' என்று ஒரு பச்சைக் கட்டம். எங்களில் அநேகர் கமரா வாங்கியது கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள் இவற்றைப் படம்பிடிக்கத்தான். ஆனால் அந்தச் சக்கரத்தை எத்தனை தரம் சுற்றினாலும் மணவறையின் குறி வராது. இது ஏன் என்று கேட்டால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட கதையொன்றைச் சொல்ல வேண்டும். வெளிச்சம் யார்மீது விழவேண்டும் என்று, எங்களைக் காணாத யாரோ முன்கூட்டியே எடுத்த தீர்மானங்களின் கதை அது.

1888இல் அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் நகரில் ஜோர்ஜ் ஈஸ்ற்மன் 'கொடாக்' என்ற பெட்டிக் கமராவை 25 டொலருக்கு விற்பனைக்கு விட்டார். உள்ளே 100 படங்களுக்குப் பிலிம் இருந்தது. முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்ப வேண்டும். கழுவிய படங்களும் புதுப் பிலிம் போட்ட கமராவும் திரும்பி வரும். 1900இல் வந்த பிறௌணியின் விலை ஒரேயொரு டொலர். படம்பிடித்தல் சாதாரண குடும்பங்களின் கைக்கு வந்தது அப்போதுதான். இந்தப் பெட்டிகளில் தெரிவுசெய்ய ஏறக்குறைய ஒன்றுமில்லை. சூரியன் இருந்தால் படம், இல்லாவிட்டால் இல்லை. அதனால்தான் பழைய குடும்பப் படங்களில் எல்லோரும் முற்றத்திலும் வாசற்படியிலும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கொண்டாட்டம் வீட்டுக்குள்ளே நடந்தது. படம் வெளியே எடுக்கப்பட்டது.

வீட்டுக்குள் வெளிச்சத்தைக் கொண்டுவரும் முயற்சி நெருப்பில் தொடங்கியது. 1887இல் ஜேர்மனியில் அடொல்ப் மீத்தே, யொகான்னஸ் கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூளைப் பொட்டாசியம் குளோரேற்றோடு கலந்து பிளாஷ் தூள் செய்தார்கள். வெளிச்சம் வந்தது, புகையும் தீக்காயமும் கூடவே வந்தன. 1929இல் அதே நாட்டில் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்ப் வெளியானது. 1965இல் நாலு பல்ப் கொண்ட சிறிய கனசதுரம் வந்தது. படத்துக்குப் படம் திரும்பி அடுத்த பல்பைக் காட்டும். நாலு பல்ப் என்றால் நாலு கணம்: கேக் வெட்டல், ஊட்டல், தாய் தகப்பனோடு ஒன்று, எல்லோரும் சேர்ந்து ஒன்று. பிறந்தநாள் அல்பங்களில் இன்றும் தொடரும் அந்த ஒழுங்கில் பல்ப் சிக்கனத்துக்கும் பங்கிருக்கும் என்றே நினைக்கிறேன்.

வெளிச்சத்தை அளந்து தானே தீர்மானிக்கும் கமரா இதற்கிடையில் வளர்ந்துகொண்டிருந்தது. கொடாக்கின் சுப்பர் சிக்ஸ்-20 என்ற முதலாவது தானியங்கிக் கமரா 1938இல் வந்தது. விலை 225 டொலர். சாதாரண சனத்துக்கு அது 1961இல் ஒலிம்பஸ் பென் ஈஈ வடிவில் வந்து சேர்ந்தது. மயித்தானி யொஷிஹிஸா வடிவமைத்த அந்தச் சிறிய கமராவில் 36 படச் சுருளில் 72 படம் எடுக்கலாம். வெளிச்சம் போதாவிட்டால் பார்க்கும் கண்ணாடிக்குள் ஒரு சிவப்பு நாக்கு எழும்பும், பட்டனும் அமராது. 'இங்கே உன்னால் முடியாது' என்று சொல்லும் நேர்மை அந்த நாக்கில் இருந்தது. பிறகு வந்த கமராக்கள் அப்படி மறுப்பதைக் குறைத்துக்கொண்டன. இருட்டென்றால் பிளாஷை அடித்து எதையாவது எடுத்துத் தந்தன.

1975இல் கொனிக்கா சி35 ஈஎப் பிளாஷை உடம்போடு சேர்த்துக்கொண்டு வந்தது. 1977இல் கொனிக்கா சி35 ஏஎப் தூரத்தையும் தானே கணித்தது. 1978இல் கனன் ஏ-1 துளையின் அளவையும் ஷட்டரின் வேகத்தையும் சேர்த்துத் தீர்மானிக்கும் 'புரோகிராம்' நிலையைத் தந்தது. 1990இல் அதே நிறுவனத்தின் ஈஓஎஸ் 10 முகம், மலை, பூ, ஓடும் மனிதன் என்ற தெரிவுகளைக் கொண்டிருந்தது. முகக்குறி துளையை அகல விரித்துப் பின்னணியைக் கலைக்கிறது. மலைக்குறி துளையை ஒடுக்கி எல்லாவற்றையும் கூர்மையாக்குகிறது. ஓடும் மனிதன் ஷட்டரை விரைவாக்குகிறான். ஒவ்வொரு குறியும் 'நீ இதைத்தான் படம்பிடிக்கிறாய்' என்று ஒரு பொறியியலாளர் செய்த ஊகம்.

1983 யூலைக்குப் பிறகு எங்கள் சனம் பெருந்தொகையாக நாட்டைவிட்டு வெளியேறிய காலமும், இந்தத் தானியங்கிக் கமராக்கள் மலிந்த காலமும் ஒன்றே. ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாடகைக்கு எடுத்த மண்டபங்களில், ரியூப் லைட் வெளிச்சத்தில், அட்டை மணவறைக்கு முன்னால் அவை வேலைசெய்தன. பகல்வெளிச்சப் பிலிமில் ரியூப் லைட் பச்சையாக விழும். ஆகவே பிளாஷ் கட்டாயமாயிற்று.

பிளாஷுக்கு ஒரு கணக்கு உண்டு: தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் காற்பங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. சபையைப் பார்த்து எடுக்கும்போது முதல் வரிசை 2 மீற்றரில் இருக்கிறது, நாலாம் வரிசை 6 மீற்றரில் இருக்கிறது என்று வையுங்கள். முதல் வரிசைக்கு அளவான வெளிச்சத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் நாலாம் வரிசைக்குப் போகும். படத்தில் முன்னால் இருப்பவர்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருப்பார்கள். பின்னால் ஒரே கறுப்பு. மண்டபமே இல்லாததுபோலிருக்கும்.

அந்தப் படங்கள் யாருக்காக எடுக்கப்பட்டன என்பதை நினைத்தால்தான் இந்தக் கறுப்பின் பாரம் விளங்கும். பெண்ணின் தாய் தகப்பன் ஊரில். மாப்பிள்ளையின் சகோதரங்கள் வேறு வேறு நாடுகளில், விசா இல்லாமல். கலியாணத்துக்கு வரமுடியாதவர்களுக்குக் கலியாணமாகப் போய்ச்சேர்ந்தது அந்த அல்பந்தான். ஊரில் அதைக் கையில் எடுக்கும் தாய், மகளின் கூறைச்சேலையைப் பார்த்தபின் சபையைப் பார்ப்பாள். யார் யார் வந்தது? மாமன் முறைக்கு யார் நின்றது? பிள்ளை அந்நியதேசத்தில் தனிச்சுப்போய்விடவில்லை என்பதற்கு அத்தாட்சி நாலாம் வரிசையில்தான் இருந்தது. அதைத்தான் ஓட்டோ நிலை விழுங்கியது.

முகத்தின் நிறத்திலும் இதே சங்கதிதான். கமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொள்கிறது. வெள்ளை வேட்டியும் மின்விளக்கு மணவறையும் சட்டத்தை நிறைத்தால் அவற்றைச் சாம்பலாக்கப் பார்க்கும். மாப்பிள்ளையின் முகம் கரிந்துபோகும். கறுத்த முகம் மட்டும் சட்டத்தை நிறைத்தால் அதையும் சாம்பலாக்க முயன்று வெளுக்கவைக்கும்.

பிலிம் கழுவும் இடத்தில் இன்னொரு அளவுகோல் இருந்தது. நிறத்தைச் சரிபார்க்கக் கொடாக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய அட்டையில் பல பத்தாண்டுகளாக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படமே இருந்தது. அதற்கு 'ஷேர்லி அட்டை' என்று பெயர். கனடிய ஆய்வாளர் லோர்னா ரொத் 2009இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த வரலாற்றை விரிவாக எழுதினார். மண்ணிற வேறுபாடுகளைப் பிலிம் சரியாகக் காட்டவில்லை என்று கொடாக்கிடம் முறையிட்டவர்களில் சொக்கிலேற், மரத்தளபாட விளம்பரக்காரர்கள் இருந்தார்கள் என்பதும் அதில் வருகிறது. மனிதத் தோலுக்காக நடக்காத திருத்தம் சொக்கிலேற்றுக்காக நடந்தது. பல இனப் பெண்கள் உள்ள அட்டை 1990களில்தான் வந்தது. அதற்கு முன்பே எங்கள் அல்பங்களில் பல நிரம்பிவிட்டன.

ஊரில் நிலைமை வேறு. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடங்கியது. மின்சாரமும் இல்லை. சிறு கமராவின் பிளாஷ் நம்பியிருந்தது அந்தப் பென்ரோச் பற்றரியைத்தான். படம்பிடித்தல் மறுபடி முற்றத்துக்கும் சூரியனுக்கும், பிறௌணியின் காலத்துக்கே, திரும்பிப் போயிற்று. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது கையில் எடுத்தவற்றில் அல்பத்துக்கு எத்தனைபேரால் இடம் வைக்க முடிந்தது? வீடுகள் உடைந்தபின் பல குடும்பங்களுக்கு எஞ்சியது, முன்பு வெளிநாட்டுக்குத் தபாலில் அனுப்பிய படப்பிரதிகள்தான். ஊருக்கு அனுப்பிய படங்கள் அழிய, ஊரிலிருந்து வந்த படங்கள் பிழைத்தன.

பிலிம் போய் டிஜிற்றல் வந்தபின், நிக்கொன் கூல்பிக்ஸ் கமராக்களில் விருந்து, உள்ளரங்கம் என்பதற்கே ஒரு நிலை இடம்பெற்றது. பிளாஷ் அடித்த பிறகும் ஷட்டர் சற்றுநேரம் திறந்திருந்து பின்னணியின் வெளிச்சத்தையும் வாங்கிக்கொள்ளும் முறை அது. நாலாம் வரிசைக்கு அப்போதுதான் இயந்திரம் ஒரு கதிரை போட்டது. 2018இல் கூகிள் பிக்சல் கைத்தொலைபேசி, அடுத்தடுத்து எடுத்த பல படங்களை அடுக்கி இருட்டை வெளிச்சமாக்கும் நிலையைத் தந்தது. 2021இல் அதே கைத்தொலைபேசி கறுத்த தோலின் நிறத்தைச் சரியாகக் காட்டுவதற்கென்று திருத்தப்பட்டது. ஷேர்லி அட்டை புழக்கத்துக்கு வந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகியிருந்தது.

இந்த வரலாறு தெரிந்தவருக்கு மண்டபத்தில் சக்கரத்தைத் திருப்புவது கடினமல்ல. சபையை எடுக்கும்போது பிளாஷ் தாமத ஷட்டரோடு சேரும் நிலையைத் தெரியுங்கள். தனிப் பிளாஷ் இருந்தால் அதை வெள்ளைக் கூரைக்குத் திருப்புங்கள். வெளிச்சம் மேலே பட்டுப் பின்வரிசைக்கும் இறங்கும். ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று உயர்த்தப் பயப்பட வேண்டாம். கொஞ்சம் மணல்மணலாக விழுந்தாலும் முகம் இருக்கும். வெள்ளை உடுப்புச் சட்டத்தை நிறைத்தால் வெளிச்சத் திருத்தத்தைக் கூட்டுங்கள். கறுத்த முகம் நிறைத்தால் சற்றுக் குறையுங்கள். ஓடித்திரியும் பிள்ளைகளுக்கு ஷட்டர் 1/250க்குக் கீழே இறங்கக்கூடாது. ஆலாத்தி எடுக்கும்போது பிளாஷை நிறுத்திவிடுங்கள். அந்தத் திரிகளின் வெளிச்சமே அப்போது முகத்துக்குப் போதும். முகக்குறியை மணமக்களின் தனிப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது பின்னால் இருப்பவர்களைக் கலைத்துவிடும். எங்கள் வைபவங்களில் பின்னால் இருப்பவர்கள் பின்னணி அல்ல.

பழைய அல்பங்களை இன்று பிள்ளைகள் ஸ்கான் செய்கிறார்கள். பிலிம் சுருள் எஞ்சியிருந்தால், வெறும் படத்தை அல்ல, அந்தச் சுருளையே ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். கடையில் அச்சடித்தபோது கறுப்பென்று கைவிடப்பட்ட பகுதியில் சிலவேளை மெல்லிய விபரம் மிஞ்சியிருக்கும். அதைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினால் கதிரைகள் தெரியும், ஒரு சேலைக்கரை தெரியும், யாரோ ஒருவர் மடியில் பிள்ளையோடு இருப்பது தெரியும். அது யார் என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்து, பெயரையும் எழுதி வைத்துவிட வேண்டும்.