மலபார் என்றால் எந்த மொழி?

ஏற்காடு, வாழவந்தி முதலிய ஊர்களைக் கொண்ட சேர்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். மலைவாழ் மக்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது. அவர்களுடைய மொழி தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர்கள் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' நூலிலும் இச்செய்தி உண்டு. ஆயினும் இம்மக்களைப் பற்றிய பிறமொழிப் பக்கம் ஒன்றை இணையத்தின் இலவசக் கருவியில் இட்டுப் பெயர்த்தால், 'மலையாளி' என்ற சொல் மாறாமல் வந்து நிற்கும்; படிப்பவரோ கேரளத்தாரை எண்ணிக் கொள்வார். சொல்லில் பிழையில்லை, பொருள்தான் தடம் மாறிவிட்டது.

இக்குழப்பம் கணினியோடு பிறந்ததன்று. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு 1708இல் ஒரு விளக்க அட்டவணை எழுதினார். அதன் பெயர் 'பிப்லியோதேக்கா மலபாரிக்கா'. அக்கால ஐரோப்பியர் பலருக்குத் தமிழ் என்பதே மலபார் மொழி; தமிழர் மலபாரிகள். 1710 முதல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான மிஷன் அறிக்கைகளிலும் இவ்வழக்கே காணப்படும். அவ்வறிக்கைகளை அந்நகரின் பிராங்கே அறநிறுவனம் மின்னுருவாக்கி இணையத்தில் இலவசமாகத் தந்துள்ளது. மலபார் மொழியை மலையாளம் என்று கொள்ளும் வாசகர், தமிழுக்குரிய சான்றைக் கையில் வைத்துக் கொண்டே கைநழுவ விடுகிறார்.

கருவிகளின் வரலாறு குறுகியது. 1997இல் அல்டாவிஸ்டாவின் பேபல்ஃபிஷ் வந்தது. 2006இல் கூகுள் மொழிபெயர்ப்பு தொடங்கியது. அதில் தமிழ் சேர்ந்தது 2011இல். அதுவரை பிரெஞ்சையும் ஜெர்மனையும் ஆங்கிலத்தின் வழியாகவே நாம் எட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. இன்று நேராகத் தமிழிலேயே படிக்க முடிகிறது. ஆனால் கருவி சரளமாகப் பேசப் பேச நமது ஐயம் குறைகிறது, ஆபத்தும் அங்கேதான்.

முதற்படி, பக்கம் எம்மொழியில் உள்ளது என அறிவது. மொழியைத் தானே கண்டறியும் வசதி கருவிகளில் உண்டு. எனினும் ஊர்ப்பெயர் மட்டும் நிறைந்த ஓரிரு வரிகளில் அது தடுமாறும். கண்ணுக்கே சில அடையாளங்கள் புலப்படும். ஓ எழுத்தின் குறுக்கே சாய்கோடு விழுந்திருந்தால் டேனிஷ் அல்லது நார்வே மொழி. தரங்கம்பாடிச் செய்தியெனில் பெரும்பாலும் டேனிஷ். உயிரெழுத்தின் தலையில் அலைகோடு இருந்தால் போர்த்துகீசியமாகலாம். நமது உகர ஒலியை டச்சுக்காரர் ஓ, ஈ என்னும் இரு ரோமன் எழுத்துகளாலும் பிரெஞ்சுக்காரர் ஓ, யூ என்னும் இரண்டாலும் எழுதுவர். ஆகவே நம்மூர்ப் பெயரின் எழுத்துக்கூட்டே எழுதியவரின் மொழியைக் காட்டிக் கொடுக்கும்.

பழைய ஜெர்மன் நூல்களில் வேறொரு தடை. ஃபிராக்டூர் என்னும் அச்செழுத்தில் நீண்ட எஸ், எஃப் போலவே தோன்றும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அதைத் தவறாகப் படித்தால், மொழிபெயர்ப்பும் அப்பிழையையே சுமந்து வரும். மூலப் பக்கத்தின் படத்தை அருகில் வைத்துக் கொள்ளாமல் பெயர்ப்பை மட்டும் நம்புவது தகாது.

இரண்டாம் படியே இன்றியமையாதது. இனப்பெயர், மொழிப்பெயர், ஊர்ப்பெயர் ஆகியவற்றை முதலில் தனியே குறித்துக் கொள்ள வேண்டும். பின்னர் ஒவ்வொன்றையும் எழுதப்பட்ட ஆண்டோடும் இடத்தோடும் பொருத்திப் பார்க்க வேண்டும். தரங்கம்பாடியில் 1710இல் எழுதப்பட்ட மலபார் வேறு, கள்ளிக்கோட்டையின் மலபார் வேறு. சேலத்து மலையாளி வேறு, திருச்சூர் மலையாளி வேறு. தமிழகப் பழங்குடிப் பட்டியலிலும் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் சேலம் உள்ளிட்ட மாவட்டங்களின் பெயர்கள் குறிக்கப்பட்டுள்ளன. சட்டத்துக்கும் பெயர் மட்டும் போதவில்லை, இடமும் தேவைப்பட்டிருக்கிறது.

எழுத்தில் தம் வரலாற்றை மிகுதியும் விட்டுச் செல்லாத மக்களைப் பற்றி அயலார் எழுதிய குறிப்புகளே பல வேளைகளில் எஞ்சும் சான்றுகள். அவற்றில் அவர்களது பெயரே பிறருக்குரியதாகப் படிக்கப்படுமானால், அந்தச் சான்றும் அவர்களுக்கு இல்லாமற் போகும். கருவி வாக்கியத்தைப் பெயர்த்துத் தரட்டும். பெயருக்கு உரியவர் யார் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.