மல்லாட்டை முதல் ஷாம்பு பாக்கெட் வரை: புதுச்சேரி சொல்லும் குளியல் வரலாறு

புதுச்சேரி நேரு வீதியில் ஒரு பக்கம் கண்ணாடிக் கதவு போட்டு, ஏ.சி. ஓடும் கடைகளில் விதவிதமான ஷாம்பு, க்ரீம், ஃபேஸ் வாஷ் எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதே வீதியை ஒட்டிய பெரிய மார்க்கெட்டிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் சீயக்காய், பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், வெட்டிவேர், ஆவாரம்பூ எல்லாம் இன்னும் எடை போட்டு விற்கிறார்கள். இரண்டு இடத்திலும் வாங்க ஆள் இருக்கிறது. பல நேரம் ஒரே ஆள்தான்! ஒரு கையில் ஷாம்பு பாட்டில், இன்னொரு கையில் காகிதத்தில் மடித்த நூறு கிராம் கஸ்தூரி மஞ்சள்.

இத்தனை புதுச் சரக்கு வந்த பிறகும் பழசு ஏன் போகவில்லை? இதற்கு வழக்கமாக இரண்டு பதில் சொல்வார்கள். "பழசெல்லாம் நம்முடையது, இயற்கையானது, அதனால் நல்லது" என்பது ஒன்று. "அதெல்லாம் வெறும் பழக்க தோஷம்" என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதியைத் தெரிந்துகொள்ள இந்த ஊரின் வியாபார வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் வந்த ஊர், எண்ணெய் போன ஊர்

ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். ரோமானிய வணிகத்தின் தடயங்கள் ஏராளமாகக் கிடைத்தன. மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த ஜாடிகளின் உடைந்த துண்டுகளும் அவற்றில் உண்டு. அதாவது சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே மத்தியதரைக் கடல் பக்கத்து எண்ணெய் இந்தக் கரைக்கு வந்து இறங்கியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது தலைகீழானது. இப்போது எண்ணெய் வித்து இங்கிருந்து அங்கே போனது. அந்த வித்து வேறு எதுவும் இல்லை, நிலக்கடலைதான். விழுப்புரம், கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் அதை மல்லாட்டை என்பார்கள். மணிலாக் கொட்டை என்ற பெயர் பேச்சுவழக்கில் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. அன்றைய தென்னார்க்காடு மாவட்டம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆனால் அங்கே விளைந்த மல்லாட்டைக்குப் பெரிய ஏற்றுமதித் துறைமுகம் பிரெஞ்சுப் புதுச்சேரி. 1866-ல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்தது. 1879-ல் விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை வந்தது. வண்டி வண்டியாக வந்த கடலை, கப்பலேறி பிரான்சின் மார்சேய் நகரத்துக்குப் போனது.

மார்சேயில் அதை என்ன செய்தார்கள்? எண்ணெய் ஆட்டினார்கள். அந்த எண்ணெயில் ஒரு பங்கு சோப்புக் காய்ச்சப் போனது.

மார்சேய் சோப்பு என்பது இன்று உலகம் முழுக்க "பாரம்பரியச் சோப்பு" என்று கொண்டாடப்படும் சரக்கு. கனசதுரக் கட்டியாக, மேலே 72 சதவீதம் என்ற முத்திரையோடு வரும். 1688-ல் பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில், அந்தச் சோப்பை ஆலிவ் எண்ணெயில்தான் செய்ய வேண்டும் என்று ஆணை போட்டார்கள். அதே மன்னரின் காலத்தில்தான், 1674-ல், பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியிருப்பை ஏற்படுத்தினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலிவ் எண்ணெய் மட்டும் போதாமல் போனது. கடலை, எள், பனை எண்ணெய்களும் மார்சேயின் கொப்பரைக்குள் போயின. பிரான்சின் பாட்டிமார்கள் நினைவில் மணக்கிற அந்தப் பழைய சோப்பில் நம்ம ஊர்ச் செம்மண்ணுக்கும் ஒரு பங்கு இருந்தது என்றால் நம்ப முடிகிறதா?

இதில் வணிகம் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. இங்கிருந்து போனது கடலை. அதை எண்ணெயாக்கி, சோப்பாக்கி, பெயர் வைத்து, முத்திரை குத்தி விற்றது அங்கே. உழைப்பு இரண்டு இடத்திலும் உண்டு. பெயரும் அதனால் வந்த மதிப்பும் மார்சேய்க்கே போயின.

நம்முடையது என்பது எது?

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். "நம்முடையது" என்று நாம் நினைப்பவை எல்லாம் இங்கேயே பிறந்தவையா?

நிலக்கடலையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. மணிலா என்ற பெயரே அது கடல் கடந்து வந்ததைச் சொல்கிறது. தலைக்குக் குளித்தபின் கூந்தலுக்குப் போடும் சாம்பிராணிப் புகையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைவிட வீட்டு மணம் என்று வேறு எதைச் சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பிசின் சுமத்ரா முதலான தென்கிழக்கு ஆசிய நாடுகளின் மரங்களில் வடிவது. பல நூற்றாண்டுகளாகக் கப்பலில் வந்து, தமிழ் வீட்டுத் தூபக்காலில் ஏறி, நம்முடையதாகவே ஆகிவிட்டது. இன்று "கப் சாம்பிராணி", "கம்ப்யூட்டர் சாம்பிராணி" என்று வடிவம் மாறியும் போகாமல் இருக்கிறது.

துய்ப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் பிறந்தவர். 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பில் மரியாதை செய்யும் இடங்களில் எல்லாம் சந்தனம், பன்னீர், வெற்றிலை பாக்கு வந்துகொண்டே இருக்கும். அவர் பிறந்த அதே 1709-ல்தான் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரீனா குடும்பத்தார் தங்கள் கடையைத் தொடங்கினார்கள். பின்னாளில் ஓடிகொலோன் என்று நம் ஊரிலும் பழகிப்போன வாசனைத் தண்ணீர் அங்கிருந்து புறப்பட்டதுதான். காய்ச்சல் வந்தால் ஓடிகொலோனில் துணி நனைத்து நெற்றியில் போடும் வழக்கம் நம் ஊரிலும் இருந்தது. கொலோன்காரர்களுக்கு அது வாசனைத் திரவியம். இங்கே வந்ததும் வீட்டு வைத்தியம்!

ஆக, ஒரு பொருள் எங்கே பிறந்தது என்பதைவிட, அது எந்தக் கையால் நமக்கு வந்தது என்பதுதான் அதை நம்முடையதாக்குகிறது.

நீலம் திரும்பி வந்த கதை

போன பொருள் திரும்பி வருவதும் உண்டு. அதற்கு நல்ல உதாரணம் அவுரி.

ஒரு காலத்தில் புதுச்சேரியின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று நீலத் துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதை கினே என்றார்கள். ஆப்பிரிக்காவின் செனகல் பகுதியில் பிசின் வியாபாரத்துக்கு அந்தத் துணியே பணம் போலப் புழங்கியது. அதற்குச் சாயம் கொடுத்தது சுற்றுவட்டாரத்து அவுரிச் செடி. 1897-ல் ஜெர்மன் நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விலையில் போட்டி போட முடியாமல் இந்தியா முழுக்க அவுரி சாகுபடி சரிந்தது.

ஆனாலும் அடியோடு அழியவில்லை. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகிறது. இன்று அதன் இலைப் பொடிக்கு ஒரு முக்கியமான வேலை, தலைமுடிக்குச் சாயம் ஏற்றுவது. முதலில் மருதாணி, பிறகு அவுரி என்று இரண்டு முறை பூசினால் நரை கருக்கும். ரசாயனச் சாயம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைத் தேடுகிறார்கள். ரசாயனம் துரத்திய செடியை, ரசாயனத்துக்குப் பயந்தவர்களே திருப்பி அழைத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் இங்கே அவசியம். "கருப்பு மருதாணி" என்ற பெயரில் வரும் பலவற்றில் பி.பி.டி. என்ற ரசாயனம் கலந்திருக்கும். அது தோலைப் புண்ணாக்கக்கூடியது. கண் மையிலும் ஈயம் கலந்த வகைகள் உண்டு. பழைய பெயர் இருப்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது.

கடலூரிலிருந்து வந்த பாக்கெட்

புதுச்சேரிக்குத் தெற்கே 20 கிலோமீட்டர் சொச்சத்தில் கடலூர். பழமையின் வரலாற்றில் பெரிய திருப்பம் ஒன்று அங்கேதான் நடந்தது.

சீயக்காய்க் குளியல் லேசான வேலை இல்லை. காயைக் காயவைக்க வேண்டும். வெந்தயம், பச்சைப்பயறு, பூந்திக்கொட்டை சேர்க்க வேண்டும். மில்லுக்குக் கொண்டுபோய்த் தும்மிக்கொண்டே அரைத்து வர வேண்டும். பிறகு கண்ணில் படாமல் தேய்த்து அலச வேண்டும். இத்தனைக்கும் நேரம் வேண்டும். ஷாம்புவோ அன்று பாட்டிலில் மட்டும் வந்த, வசதியானவர்கள் வீட்டுப் பொருள்.

கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், இப்படிப்பட்ட பொருட்களைச் சிறு பாக்கெட்டில் அடைத்தால் கூலி வேலை செய்பவரும் வாங்க முடியும் என்று நினைத்தவர். அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தனியாகத் தொழில் தொடங்கினார். தந்தையின் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகளில் பிறந்ததுதான் சிக் ஷாம்பு. காலி பாக்கெட்டுகளைக் கொடுத்தால் புதுப் பாக்கெட் இலவசம் என்று திட்டம் போட்டார்கள். அதைவிட முக்கியமான விஷயம், ஷாம்புவில் மல்லிகை மணமும் ரோஜா மணமும் சேர்த்தார்கள். விற்பனை எகிறியது. பிற்பாடு அதே நிறுவனம் மீரா என்ற பெயரில் சீயக்காய்ப் பொடியையும் பாக்கெட்டில் போட்டு விற்றது.

இதில்தான் விடை இருக்கிறது. மக்கள் விட்டது அரைக்கிற வேலையைத்தான். மணத்தை விடவில்லை. தலைமுடியில் மல்லிகை மணக்க வேண்டும் என்ற ஆசை அப்படியே இருந்தது. அதைப் புரிந்துகொண்டவர்கள் ஜெயித்தார்கள். முதல் உலகப் போரில் சந்தனக் கட்டை ஏற்றுமதி தடைபட்டபோது மைசூர் சமஸ்தானம் 1916-ல் சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கியதும், அடுத்து மைசூர் சாண்டல் சோப்பு பிறந்ததும் இதே வகைதான். மணம் பழையது, வடிவம் புதியது.

எல்லோருக்கும் கிடைத்ததா?

பழமையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் வசதியாக மறந்துவிடும் ஒரு கேள்வி உண்டு. அந்த மஞ்சளும் பூவும் யாருக்குக் கிடைத்தன?

கணவனை இழந்த பெண்ணுக்கு மஞ்சள் இல்லை, பூ இல்லை, பொட்டு இல்லை என்று வைத்ததும் இதே பழைய காலம்தான். இருபது வயதில் அப்படி ஆனவள்கூட, அடுத்தவள் தலையில் மணக்கும் மல்லிகையைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்து முடிக்க வேண்டும். வீட்டில் நலங்கு மாவு இடித்ததும் சீயக்காய் அரைத்ததும் பல வேளைகளில் அவள் கைதான். கடைச் சோப்புக்கு ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் வாங்க வருபவளிடம் "நீ சுமங்கலியா?" என்று அது கேட்டதில்லை.

நிறத்தைப் பற்றிய மயக்கமும் அப்படித்தான். சிவப்பழகு க்ரீம்கள் வந்துதான் நம்மைக் கெடுத்தன என்பார்கள். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது, பல எதிர்ப்புகளுக்குப் பிறகு 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. உண்மைதான். ஆனால் குழந்தை சிவப்பாகப் பிறக்கக் குங்குமப்பூ, பெண் நிறம் கொடுக்கக் கடலை மாவு என்று வீட்டுக்குள்ளேயே அந்த ஆசை முன்பே உட்கார்ந்திருந்தது. க்ரீம் கம்பெனி அதற்கு ஒரு டியூப் மட்டும்தான் செய்து கொடுத்தது!

எதை வைத்துக்கொள்வது?

பழைய அழகுப் பொருட்கள் இன்னும் வாழ்வதற்குக் காரணம் அவை சுத்தமாக நம்முடையவை என்பதோ, குற்றமே இல்லாதவை என்பதோ அல்ல. ஒரு மணம் மூக்கில் பட்டதும், நம் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்ட கை நினைவுக்கு வருகிறது. அந்த நினைவை எந்த ஆய்வுக்கூடத்திலும் செய்ய முடியாது. அதனால்தான் கம்பெனிகள் எல்லாம் அதற்கு வாடகை கொடுத்துக் குடியேறப் பார்க்கின்றன. லேபிளில் பாட்டி படம் போடுவது அதற்காகத்தான்.

அந்த லேபிளைப் பார்த்து வாங்குவதில் தப்பில்லை. ஆனால் மூன்று விஷயத்தை நினைவில் வைத்தால் நல்லது. பெயரைப் பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று படிப்பது. வீட்டில் அரைத்துக் கொடுத்த கைக்கு யாரும் விலை போட்டதில்லை என்பதை மறக்காமல் இருப்பது. அந்தச் சுகத்தை யாருக்கும் மறுக்காமல் இருப்பது.

எண்ணெய்க் குளியல் இருக்கட்டும், சாம்பிராணிப் புகையும் இருக்கட்டும். மஞ்சளும் மல்லிகையும் வேண்டும் என்று கேட்கிற எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கட்டும். பழசில் வைத்துக்கொள்ள வேண்டியது அந்த மணம். விட்டுவிட வேண்டியது, "உனக்கு இது கூடாது" என்ற அந்தக் குரல்.